சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஹோம்வொர்க் அனுப்பாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

கும்பகோணத்துலேர்ந்து எழுதுறேன். இங்க ஒரு பாத்திரக்கடையில கணக்கு எழுதுற வேலை எனக்கு. பையன் பத்தாவது, பொண்ணு எட்டாவது. வீட்டுக்காரங்க பதினோரு வருஷமா குவைத்துல இருக்காங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவுல வருவாங்க. இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, போனை தூக்கி கிணத்துல போடுங்கன்னு சொல்ற ஆளு நான் இல்ல ஐயா. எங்க பிள்ளைங்களுக்கு அப்பா முகமே அந்த போனுக்குள்ளதான் இருக்கு. பொண்ணு பெரிய மனுஷி ஆனப்ப எல்லாரும் நலங்கு வெச்சுட்டு இருந்தோம், அவங்க அங்க ரூம்ல உக்காந்து வீடியோ கால்லதான் பாத்து அழுதாங்க. அதனால போன்னா என்ன, அது இல்லாட்டி என்னங்கிறது எனக்கு நல்லாவே தெரியும்.

ஆஸ்திரேலியாவுல 16 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்க சோஷியல் மீடியாவுல கணக்கு வெச்சுக்க கூடாதுன்னு 2025 டிசம்பர் 10-லேர்ந்து சட்டம் நடைமுறைக்கு வந்துடுச்சுன்னு பேப்பர்ல படிச்சோம். மீறினா பிள்ளைக்கோ பெத்தவங்களுக்கோ அபராதம் கிடையாதாம், கம்பெனிக்குத்தானாம், அதிகபட்சம் 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். கடையில அன்னைக்கு முழுக்க இதே பேச்சு. நம்ம நாட்டுலயும் இப்படி ஒண்ணு வந்துட்டா நிம்மதியா தூங்கலாம்னு பக்கத்து சீட்டு அக்கா சொன்னாங்க. எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் இருந்துச்சு. கம்பெனிக்காரங்களை பொறுப்பாக்குறது சரிதான், அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல.

ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சு பாத்தேன். நம்ம நாட்டுலயும் 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம் வந்திருக்கு. அதுல 18 வயசு ஆகாத எல்லாருமே குழந்தைதான், அவங்க விவரத்தை எடுக்கணும்னா பெத்தவங்க சம்மதம் வேணும், பிள்ளைங்களை குறி வெச்சு விளம்பரம் காட்ட கூடாதுன்னு எல்லாம் இருக்கு. அதுக்கான விதிகள் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, முழுசா அமலுக்கு வர ஒண்ணரை வருஷம் அவகாசம் கொடுத்திருக்காங்க. எங்க வீட்டு நிலவரம் என்னன்னா, பிள்ளைங்க வெச்சிருக்குற போன்ல உள்ள சிம்மு என் பேர்ல. ஓடிபி வந்தா அந்த போனுக்குத்தான் வரும், அதை எடுத்து போடுறது பையன். அவன் கணக்கை ஒரு நாள் தொறந்து பாத்தேன், பிறந்த வருஷம் 2001-ன்னு போட்டு வெச்சிருக்கான். அவன் பிறந்தது 2010. எந்த சட்டம் வந்தாலும் எங்க வீட்டு வாசப்படி வரைக்கும் வந்து நிக்கும், அதுக்கு மேல உள்ள வேலை எங்களோடதுதான்னு அப்பதான் புரிஞ்சுச்சு.

அதோட இன்னொண்ணையும் ஒத்துக்கணும், இந்த போனை பிள்ளைங்க கையில கொடுத்ததே நாமதான். 2020 மார்ச்சுல கொரோனாவுக்காக ஸ்கூலை மூடினாங்க, ஒண்ணாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் உள்ள பிள்ளைங்க தமிழ்நாட்டுல திரும்ப ஸ்கூலுக்கு போனது 2021 நவம்பர் 1-ந் தேதி. ஒண்ணரை வருஷத்துக்கு மேல. நாலாவது முடிக்கிற நேரத்துல வீட்டுக்குள்ள வந்தவன் ஆறாவதுலதான் திரும்ப வகுப்புக்கு போனான். நடுவுல பாடம் போன்ல, ஃப்ரெண்டு போன்ல, விளையாட்டு போன்ல. அந்த போனை வாங்க நான் ஒரு மோதிரத்தை அடகு வெச்சேன், பிள்ளை படிப்பு கெட்டுட கூடாதேன்னு. இன்னைக்கு அதே பிள்ளையை பாத்து எப்ப பாரு போனுதானான்னு கத்துறோம். அவன் பக்கத்துலேர்ந்து பாத்தா இது எவ்வளவு கொடுமையா இருக்கும்னு யோசிக்க எனக்கு ரொம்ப நாள் ஆச்சு.

போன ஆகஸ்டுல ஒரு ராத்திரி, மணி ஒண்ணே முக்கால் இருக்கும், தண்ணி குடிக்க எழுந்தேன். பையன் போர்வையை தலை வரைக்கும் இழுத்து மூடியிருந்தான், உள்ளேர்ந்து ஒரு நீல வெளிச்சம் மாறி மாறி தெரியுது, போர்வையில இருந்த பூ டிசைன் எல்லாம் அந்த வெளிச்சத்துல தனியா தெரிஞ்சுச்சு. சத்தம் இல்ல, ஹெட்போன் போட்டிருந்தான். நான் போர்வையை இழுத்துட்டு போனை புடுங்கினேன். அவன் என்னை பாத்த பார்வை இருக்கே, என் பிள்ளை கண்ணு மாதிரியே இல்ல, செவந்து போயி, யாரோ மாதிரி. கத்தினான். நானும் கத்தினேன். பாப்பா எழுந்து அழுதுச்சு. அத்தை எழுந்து வந்து லைட்டை போட்டாங்க. ரெண்டு நாள் அம்மாவும் பையனும் பேசிக்கல.

அப்புறம் போனை பீரோவுல வெச்சு பூட்டினேன். பத்து நாள். நல்லாதான் இருக்குன்னு நினைச்சேன். பதினோராவது நாள் டியூஷன்லேர்ந்து போன் வருது, உங்க பையன் நாலு நாளா வரலீங்களேன்னு. எங்க போனான்னு கேட்டா, ரெண்டு தெரு தள்ளி ஒரு ஃப்ரெண்டு வீட்டு மாடியில உக்காந்து அவன் போன்ல கேம் விளையாடிட்டு இருந்திருக்கான். அதுவரைக்கும் என்கிட்ட பொய் சொல்லாத பையன் ஐயா. நான் பூட்டினது போனை, அவன் கத்துக்கிட்டது பொய் சொல்ல. எத்தனையோ வீட்ல இதே கதைதான் நடக்குது, வெளியில சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இருக்காங்க, அதனாலதான் நான் எழுதுறேன்.

என் நாத்தனார் தஞ்சாவூர்ல நர்ஸா இருக்காங்க. அவங்ககிட்ட அழுதேன். அண்ணி, எத்தனை மணி நேரம் பாக்குறான்னு எண்ணுறதை விடுங்க, முதல்ல அவன் எத்தனை மணி நேரம் தூங்குறான்னு எண்ணுங்கன்னு சொன்னாங்க. பதிமூணுலேர்ந்து பதினெட்டு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 8-லேர்ந்து 10 மணி நேரம் தூங்கணுமாம். அந்த வயசுல உடம்புக்குள்ள இருக்குற கடிகாரமே கொஞ்சம் தள்ளி போயிடுமாம், மெலடோனின்னு தூக்கம் வர வைக்கிற ஹார்மோன் நமக்கு சுரக்குற நேரத்தைவிட அவங்களுக்கு லேட்டாதான் சுரக்குமாம். அதனால பத்து மணிக்கே படுன்னா அவனுக்கு நிஜமாவே தூக்கம் வராது, அது திமிரு இல்ல. அப்படி தூக்கம் வராம புரளுற நேரத்துல கையில போன் இருந்தா அந்த வெளிச்சமும் சேந்து இன்னும் தள்ளிவிடும், வெளிச்சத்தைவிட அதுல பாக்குற விஷயம்தான் மூளையை முழிச்சிக்கிட்டே இருக்க வைக்கும்னு சொன்னாங்க. எங்க வீட்டு கணக்கை போட்டு பாத்தேன். ஒண்ணரை ரெண்டுக்கு தூங்குறான், ஸ்பெஷல் கிளாஸுக்காக அஞ்சரைக்கு எழுப்புறேன். நாலு மணி நேரம்கூட முழுசா இல்ல. எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறான், படிச்சது நிக்க மாட்டேங்குது, கணக்குல மார்க்கு கொறையுதுன்னு நான் புலம்பினதுக்கெல்லாம் பாதி காரணம் இதுலயே இருந்துச்சு.

சரி, ஒம்போது மணிக்கு மேல வீட்ல போன் கிடையாதுன்னு ஒரே ஒரு சட்டம் போடலாம், பகல்ல கொஞ்சம் பாத்தா பாத்துட்டு போகட்டும்னு முடிவு பண்ணினேன். அங்கதான் நான் முட்டிக்கிட்டேன். இந்த லெட்டரே அதுக்குத்தான்.

பையன் ஸ்கூல் எதுன்னு சொல்ல விரும்பல, நல்ல ஸ்கூல்தான், டீச்சருங்க அக்கறையா இருக்காங்க. ஆனா அவங்க க்ளாஸுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்பு இருக்கு. ஒம்போது பத்துக்கு கணக்கு பாடத்துல ஒரு பிடிஎஃப் வரும், நாளைக்கு முடிச்சிட்டு வரணும்னு. ஒம்போதே முக்காலுக்கு நாளைக்கு டெஸ்ட்டுக்கு முக்கியமான கேள்வின்னு அஞ்சாறு போட்டோ வரும். பத்து மணிக்கு டியூஷன் குரூப்புல ஆன்லைன் டெஸ்ட் லிங்க் வரும், பத்தரைக்குள்ள முடிக்கணும், முடிக்கலேன்னா ஆப்சென்ட்டு. நான் கணக்கு எழுதுறவ, அதனால ஒரு வாரம் முழுக்க ஒரு நோட்டுல குறிச்சு வெச்சேன். திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் ரெண்டு குரூப்புலயும் படிப்பு சம்பந்தமா வந்தது 61 மெசேஜ், அதுல 34 ராத்திரி எட்டு மணிக்கு மேல வந்திருக்கு. இப்ப நான் எப்படி ஐயா ஒம்போது மணிக்கு போனை வைன்னு சொல்றது? அம்மா ஹோம்வொர்க் வரும்மான்னு சொன்னா அதுக்கு மேல எனக்கு பேச்சு இருக்கா? அவன் சொல்றது பொய்யும் இல்ல. ஹோம்வொர்க் பாக்கத்தான் எடுக்குறான். பாத்து எழுதி முடிச்சதும் அதே போன்ல மேலேர்ந்து ஒரு நோட்டிபிகேஷன் வரும், அதை தொட்டா உள்ள போயிடுறான், வெளியில வர ரெண்டு மணி ஆயிடுது. பதினஞ்சு வயசு பிள்ளைகிட்ட போயி, ஒம்போது அம்பதுக்கு பிடிஎஃப் மட்டும் பாத்துட்டு கண்ணை மூடிக்கோன்னு சொல்றது நியாயமா? பெரியவங்க நம்மளால முடியுதா அது?

ஸ்கூல் கேட்டுக்குள்ள போன் கொண்டு வந்தா பறிமுதல் பண்ணிடுவாங்க. அது நல்ல விஷயம். ஃப்ரான்ஸ்லகூட 2018-லயே பள்ளிக்கூடத்துல பதினஞ்சு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க போன் உபயோகிக்க கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. பகல்ல இவ்வளவு கண்டிப்பா இருக்குற ஸ்கூலு, ராத்திரி பத்து மணிக்கு அதே போனை பிள்ளை கையில எடுக்க வைக்குதேன்னுதான் என் வருத்தம்.

டீச்சருங்களை குத்தம் சொல்லி எழுதுறேன்னு நினைச்சிடாதீங்க. அவங்களும் வீட்டுக்கு போயி சமைச்சு, பிள்ளைக்கு சாப்பாடு போட்டு, பாத்திரம் கழுவிட்டுதான் போனை எடுத்து உக்காருறாங்க, அவங்களுக்கு கிடைக்கிறதே அந்த நேரம்தான். கொரோனாவுல ஆரம்பிச்ச பழக்கம், அப்ப வேற வழி இல்ல. இப்ப கரும்பலகை இருக்கு, டைரி இருக்கு, பிள்ளை நேர்ல உக்காந்திருக்கு, ஆனா பழக்கம் மட்டும் அப்படியே நின்னு போச்சு.

பேரன்ட்ஸ் மீட்டிங்ல எழுந்து நின்னு கேட்டேன். கை நடுங்குச்சு. எல்லா ஸ்கூல்லயும் இப்படித்தாம்மா, உங்க ஒருத்தருக்காக மாத்த முடியுமான்னு முதல்ல சொன்னாங்க. பின்னாடி வரிசையிலேர்ந்து ஒரு ஆட்டோ ஓட்டுற அண்ணன் எழுந்து, எங்க வீட்ல இருக்குறதே ஒரு போனு, அது ராத்திரி சவாரிக்கு என்கூட வந்துடும், என் பொண்ணு தினம் காலையில யார்கிட்டயாவது கெஞ்சி எழுதிட்டு போகுதுன்னு சொன்னாரு. அதுக்கப்புறம் ஏழெட்டு பேரு பேச ஆரம்பிச்சாங்க. க்ளாஸ் டீச்சர் அன்னைக்கே ஒத்துக்கிட்டாங்க, கடைசி பீரியடுல அஞ்சு நிமிஷம் ஒதுக்கி எல்லா பாட ஹோம்வொர்க்கையும் போர்டுல எழுதி டைரியில குறிக்க வைக்கிறாங்க. நாலு பாடத்துக்கு இப்ப குரூப்புல எதுவும் வர்றதில்ல. ஒரு பாடத்துக்கு இன்னும் வருது. டியூஷன்ல கேட்டதுக்கு ராத்திரி டெஸ்ட் வெச்சாதான் பிள்ளை படிக்கும்னு சொல்லிட்டாங்க, அந்த டெஸ்ட்டை மட்டும் அவன் எழுத வேணாம்னு நானே எழுதி கொடுத்துட்டு வந்தேன்.

வீட்டுக்குள்ள நாங்க என்ன பண்ணினோம்னும் சொல்லிடுறேன். ஹால்ல ஃப்ரிட்ஜ் மேல ஒரு பித்தளை தாம்பாளம் வெச்சிருக்கேன், எனக்கு சீரா வந்தது. ஒம்போது மணிக்கு எல்லா போனும் அதுல போயிடணும். என் போன், பிள்ளைங்க போன், அத்தையோட பட்டன் போன்கூட. சார்ஜரும் ஹால்லதான், ரூம்ல ப்ளக் பாயின்ட்டுல எதுவும் சொருக கூடாது. பூட்டு கிடையாது, எல்லார் கண்ணுக்கும் தெரியுற மாதிரி அப்படியே இருக்கும். காலையில அலாரத்துக்கு போன் வேணுமேன்னு பையன் கேட்டான், நியாயமான கேள்விதான், பெரிய கடைத்தெருவுல போயி ஒரு பழைய மாதிரி மணி அடிக்கிற டைம்பீஸ் வாங்கிட்டு வந்தேன். அத்தைக்கு ஒம்போது மணி சீரியல் ஒண்ணு உண்டு. நாங்க யாரும் கேக்கல, மறுநாள் மத்தியானம் திரும்ப போடுவான், அப்ப பாத்துக்குறேன்னு அவங்களே டிவியை அணைச்சாங்க. அதை பாத்துட்டுதான் பையன் முனகாம போனை வெச்சான்னு எனக்கு தோணுது.

ஏன்னா பிள்ளைங்க நம்மளத்தான் பாக்குதுங்க. நான் ஸ்கூல்ல நடந்ததை சொன்னா நீ உம் உம்னு சொல்லிட்டு போனைத்தாம்மா பாத்துட்டு இருக்கேன்னு பாப்பா ஒரு நாள் சொல்லிடுச்சு. செட்டிங்ஸ்ல போயி டிஜிட்டல் வெல்பீயிங்னு இருக்கும் பாருங்க, அதுல என்னோடதை எடுத்து பாத்தேன். அன்னைக்கு மட்டும் 4 மணி 35 நிமிஷம், 97 தடவை லாக் எடுத்திருக்கேன். கடையில வேலை பாக்குற ஒரு நாள்ல. அதை பிள்ளைங்க ரெண்டு பேர்கிட்டயும் காட்டினேன். திட்டுறதுக்கு முன்னாடி நம்மளோடதை தொறந்து காட்டுறது எவ்வளவு வேலை செய்யுதுன்னு செஞ்சு பாத்தாதான் தெரியும்.

வீட்டுக்காரங்க விஷயம்தான் பெரிய சிக்கலா இருந்துச்சு. அவங்க வேலை முடிச்சு ரூமுக்கு வந்து குளிச்சு சமைச்சு சாப்பிட்டுட்டு அங்க எட்டு மணிக்கு கூப்பிடுவாங்க, அப்ப இங்க பத்தரை. அதை நிப்பாட்ட சொல்ல எனக்கு மனசு வரல. விஷயத்தை சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. மறுநாள்லேர்ந்து அங்க நாலரை மணிக்கு கம்பெனி பஸ்ஸுல ஏறினதும் கூப்பிடுறாங்க, இங்க ஏழு மணி. பஸ் குலுங்குது, பக்கத்துல நாலு பேரு பேசுற சத்தம் கேக்குது, முகம் பாதிதான் தெரியுது, ஆனாலும் இருபது நிமிஷம் பிள்ளைங்க ரெண்டும் ஒழுங்கா பேசுதுங்க. முன்னாடி தூக்க கலக்கத்துல ஆங் சரிப்பான்னு சொல்லிட்டு போயிடும். வெள்ளிக்கிழமை அங்க லீவு, அன்னைக்கு மட்டும் நேரம் பாக்குறதில்ல.

முதல் வாரம் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. பையன் ஃப்ரிட்ஜை தொறக்குறான், மூடுறான், ஃபேனை பாத்துட்டு படுத்திருக்கான், கையை எங்க வெச்சுக்கிறதுன்னே தெரியாத மாதிரி. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ரெண்டாவது வாரம் ஒரு நாள் லைட்டை அணைச்ச பிறகு இருட்டுல அவனா பேசினான். அம்மா எனக்கு முக்கோணவியல் சுத்தமா புரியலம்மா, போர்டுல போட சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க, படுத்தா அதுதான் ஞாபகம் வரும், வீடியோ ஓடிட்டு இருந்தா வராது, அதனாலதான் பாத்துட்டே இருப்பேன்னான். அஞ்சு மாசமா அந்த போர்வைக்குள்ள என் பிள்ளை என்ன பண்ணிட்டு இருந்தான்னு அன்னைக்குத்தான் எனக்கு தெரிஞ்சுச்சு. பக்கத்து தெருவுல காலேஜ் படிக்கிற ஒரு தம்பி ஞாயித்துக்கிழமை வந்து ஒரு மணி நேரம் சொல்லி கொடுக்குறான் இப்ப.

பாப்பா கதை வேற. அது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்கூட பாக்காது, நேரத்தை மட்டும் எண்ணியிருந்தா நான் கண்டுபிடிச்சே இருக்க மாட்டேன். க்ளாஸ் பொண்ணுங்க எல்லாம் சேந்து ஒரு குரூப்பு ஆரம்பிச்சு இதை மட்டும் சேக்கல, இது போட்ட போட்டோ கீழ ஒரு பொண்ணு கலரை பத்தி ஒரு வார்த்தை போட்டிருக்கு. அதுக்கப்புறம் இது கண்ணாடி முன்னாடி நின்னு முகத்துல ஏதோ தேச்சுக்கிட்டே இருந்துச்சு, போட்டோ எடுத்தா கலரை கூட்டுற ஃபில்டர் இல்லாம எடுக்கவே மாட்டேன்னுச்சு. பதிமூணு வயசு. அதனால எவ்வளவு நேரம்னு கேக்குறதோட நிக்காதீங்க, இன்னைக்கு என்ன பாத்தே, யாரு என்ன சொன்னாங்கன்னு கேளுங்க, போலீஸ் மாதிரி கேக்காம பக்கத்துல உக்காந்து கேளுங்க. அதே போன்லதான் அது குரோஷே போட கத்துக்கிட்டு அப்பாவுக்கு ஒரு குல்லா பின்னி வெச்சிருக்கு. பையன் வீடியோ பாத்துத்தான் எங்க மிக்ஸியில தேஞ்சு போன கப்ளரை கழட்டி மாத்தினான், எனக்கு இருநூறு ரூபா மிச்சம். இதெல்லாம் வேணாம்னு யாரும் சொல்லல.

வேணாம்னு சொல்றது அந்த முடிவே இல்லாம ஓடுற ஓட்டத்தைத்தான். நாம வார பத்திரிகையில தொடர்கதை படிச்சப்ப கடைசியில தொடரும்னு வரும், அதோட எழுந்து வேலைய பாக்க போவோம். இதுல அந்த தொடரும்ங்கிற வார்த்தையே கிடையாது. விரல் தள்ள தள்ள வந்துக்கிட்டே இருக்குற இந்த அமைப்பை 2006-ல உருவாக்கின அசா ராஸ்கின்னு ஒரு அமெரிக்கர், அவரே பின்னாடி இதுக்கு வருத்தப்பட்டு பேசியிருக்காரு. வளந்தவங்களையே உக்கார வைக்கணும்னு படிச்சவங்க சேந்து செஞ்ச ஒண்ணு முன்னாடி என் பிள்ளைகிட்ட மனசு கட்டுப்பாடு இல்லையேன்னு திட்டினேன் பாருங்க, அது தப்பு. இப்ப நாங்க தானா அடுத்த வீடியோ ஓடுறதை ஆஃப் பண்ணிட்டோம், மனுஷங்க அனுப்புற மெசேஜையும் காலையும் தவிர எல்லா நோட்டிபிகேஷனையும் நிறுத்திட்டோம். பையனே உக்காந்துதான் பண்ணினான். பண்ணி முடிச்சிட்டு, போன் ரொம்ப அமைதியா இருக்கும்மான்னான்.

மகாராஷ்டிராவுல சாங்லி மாவட்டத்துல மோஹித்யாஞ்சே வட்காவ்னு ஒரு கிராமம். 2022 ஆகஸ்டு 15-லேர்ந்து அங்க தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு கோயில்லேர்ந்து ஒரு சைரன் ஊதுறாங்க, ஊரே டிவியையும் போனையும் அணைச்சிடணும், ஒண்ணரை மணி நேரம் பிள்ளைங்க படிக்கும், பெரியவங்க பேசிக்கிட்டு இருப்பாங்க, எட்டரைக்கு திரும்ப சைரன். இதை படிச்சப்ப எனக்கு புடிச்சது சைரன் இல்ல, எல்லாருக்கும் ஒரே நேரம்ங்கிறதுதான். நம்ம பிள்ளைக்கு போனை வைக்கவே பயம், ஏன்னா மத்த பிள்ளைங்க எல்லாம் அங்க பேசிக்கிட்டு இருக்கும், நாளைக்கு க்ளாஸுல இவன் மட்டும் ஒண்ணும் தெரியாம நிப்பான். பத்து வீடு சேந்து ஒரே நேரத்துல வெச்சா அந்த பயம் போயிடுது. எங்க தெருவுல இப்ப மூணு வீடு. பையனோட ஃப்ரெண்டு ஒருத்தன் வீடும் அதுல ஒண்ணு, அந்த மாடி வீடுதான். ரெண்டு பேரும் சாயங்காலம் சைக்கிளை எடுத்துட்டு மகாமக குளத்தை ரெண்டு சுத்து சுத்திட்டு வர்றாங்க.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லல. அரையாண்டு லீவுல சட்டம் உடைஞ்சு போச்சு, பத்து நாள் பதினோரு மணி பன்னண்டு மணின்னு போயிடுச்சு, ஸ்கூல் தொறந்ததும் திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிச்சோம். சனிக்கிழமை ராத்திரி எல்லாரும் ஒண்ணா ஒரு படம் பாப்போம், அன்னைக்கு பத்தரை வரைக்கும். பையன் இப்ப ஏழு மணி நேரம் தூங்குறான், எட்டு ஆகல. சில வீட்ல இதைவிட பெரிய பிரச்சனை இருக்கும்னும் எனக்கு தெரியும், போனை வாங்கினா கையை கிழிச்சுக்குவேன்னு சொல்ற பிள்ளை, சாப்பிடாம குளிக்காம கேமே கதின்னு கிடக்குற பிள்ளை. அவங்க தயவுசெஞ்சு அடிக்காதீங்க, திட்டாதீங்க, 14416-க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கம் நடத்துற மனநல உதவி எண், காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். கேம் விளையாடுறதே ஒரு நோயா மாறலாம்னு உலக சுகாதார நிறுவனமே நோய் பட்டியல்ல சேத்திருக்கு, பெங்களூர்ல நிம்ஹான்ஸ்ங்கிற அரசாங்க மனநல ஆஸ்பத்திரியில இதுக்குன்னு 2014-லேர்ந்து தனி கிளினிக்கே நடக்குது. டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறதுல அவமானம் எதுவும் இல்ல.

தமிழ்நாட்டுல பணம் வெச்சு விளையாடுற ஆன்லைன் கேமுக்கு ராத்திரி பன்னண்டுலேர்ந்து காலையில அஞ்சு வரைக்கும் உள்ள நுழைய கூடாதுன்னு 2025 பிப்ரவரியில விதி போட்டாங்க, கம்பெனிகள் கோர்ட்டுக்கு போனப்ப ஜூன்ல ஹைகோர்ட்டும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. வளந்தவங்களுக்கே ராத்திரின்னா ஒரு எல்லை வேணும்னு அரசாங்கமே ஒத்துக்கிட்ட விஷயம் இது. அதே மாதிரி பள்ளிக்கல்வித்துறை ஒரே ஒரு சுற்றறிக்கை விட்டா போதும் ஐயா. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எந்த ஸ்கூலும் எந்த டியூஷனும் பிள்ளைங்களுக்கு வீட்டுப்பாடமோ டெஸ்ட்டோ வாட்ஸ்அப்புல அனுப்ப கூடாது, எதுவா இருந்தாலும் க்ளாஸுலயே டைரியில எழுத வைக்கணும். அரசுப்பள்ளி, தனியார் பள்ளி ரெண்டுக்கும் சேத்து. இதுக்கு ஒரு பைசா செலவு இல்ல. ஒவ்வொரு அம்மாவும் தனித்தனியா மீட்டிங்ல எழுந்து கை நடுங்க கேக்க வேண்டியதும் இல்ல.

இந்த லெட்டரை போடுறதா இருந்தா கொஞ்சம் சீக்கிரம் போடுங்க ஐயா. மார்ச்சுல பத்தாவது பரீட்சை வருது, இனிமே ராத்திரி டெஸ்ட்டெல்லாம் இன்னும் அதிகமாகும். எங்க டியூஷன் சார் தினம் காலையில உங்க பேப்பர்தான் படிக்கிறாரு.

இப்படிக்கு
பத்தாவது படிக்கிற பையனோட அம்மா,
கும்பகோணம்.